இலங்கையின் ஊவாவில் ஜூலையில் ஏன் காய்கிறது? அசையும் படமாக எப்படிக் காட்டுவது?

கேள்வி: பசறை_புவியியல்

வணக்கம். தரம் 10, 11 பிள்ளைங்களுக்குப் புவியியல் எடுக்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று வீசுற ஜூலை மாசத்துல மலைக்கு மேற்கே வட்டவளை, ஹட்டன் பக்கம் மழை விடாம பெய்யுது. அதே நேரத்துல மலைக்குக் கிழக்கே ஊவாவில பதுளை, பண்டாரவளைப் பக்கம் காஞ்சு கிடக்குது, கச்சான்னு சொல்ற வறண்ட காற்று வேற. ஜூலையில இருந்து செப்டெம்பர் வரைக்கும் ஊவாத் தேயிலைக்கு வாசனைக் காலம் (மணமும் தரமும் கூடுற காலம்)னு தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனா அதுக்கும் மலைக்கும் என்ன தொடர்புன்னு கேட்டா பதில் வராது.

யூடியூப் வீடியோக்களைப் போட்டா ஆர்வமா பார்க்கிறாங்க. பார்த்து முடிஞ்சு எழுதச் சொன்னா அனேகமா எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் எழுதுறாங்க: "முகில் மலையில் மோதி உடைந்து மழை பெய்கிறது. மறுபக்கம் முகில் போக முடியாது, ஆகவே அங்கு வறட்சி." மறுபக்கம் ஏன் சூடாகுதுன்னு ஒருத்தரும் தொடுறதே இல்ல.

நானே 2, 3 நிமிஷத்துல ஒரு அசையும் படம் செய்யலாம்னு பார்க்கிறேன். கையில இருக்கிறது ஒரு போன், 4 ஜிபி ரெம் உள்ள பழைய லெப்டொப், பாடசாலையில பகிர்ந்து பாவிக்கிற ஒரு புரொஜெக்டர். படத்துல எதைக் காட்டணும், எதை விடணும்? எந்த வழியில செஞ்சா லேசு?

பதில் 1: அப்புத்தளை_காற்றுமானி

டீச்சர், பிள்ளைகள் எழுதியது பிழையான விடைதான். ஆனால் அவர்கள் பார்த்த படத்துக்கு அது சரியான வர்ணனை. வழக்கமான படத்தை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். கடலில் இருந்தே வெள்ளை முகில் ஒன்று செய்து வைத்தது போல வருகிறது. எதிரே செங்குத்தாக ஒரு முக்கோண மலை. முகில் அதில் முட்டுகிறது, உடனே கோடு கோடாக மழை. திரையில் அசைந்தது முகில், நின்றது மலை, இடையில் நடந்தது ஒரு மோதல். எது அசைகிறதோ அதைத்தான் பார்ப்பவர் காரணமாக எடுத்துக்கொள்வார். நமக்கு வேண்டிய காரணமோ காற்று மேலேறுவது, விரிவது, குளிர்வது. அந்தப் படத்தில் இந்த மூன்றில் ஒன்றுமே அசையவில்லை.

முதல் வேலை மலையின் உருவம். கொழும்புக் கரையில் இருந்து பொத்துவில் கரை வரை ஒரு குறுக்குவெட்டு எடுத்தால் அகலம் சுமார் 220 கிலோமீற்றர். பீதுருதாலகாலையின் உயரம் 2524 மீற்றர். இதை 1920 பிக்சல் அகலத் திரையில் உள்ளபடி வரைந்தால் நாட்டின் அதியுயர் மலை 22 பிக்சல்தான் எழும்பும், ஒரு எழுத்தின் உயரம் கூட வராது. ஆகவே உயரத்தைப் பெருப்பிக்காமல் முடியாது. 20 மடங்கு பெருப்பித்தால் 440 பிக்சல் அளவில் வரும், போதும். ஆனால் அதோடு சரிவும் பெருக்கும். கொழும்பில் இருந்து 2000 மீற்றர் முகடு வரை நேர்கோட்டில் ஏறக்குறைய 100 கிலோமீற்றர், அதாவது சராசரியாக 50 மீற்றர் போனால் 1 மீற்றர் ஏற்றம். இருபது மடங்கில் அது சுவர் போலத் தெரியும். சுவரைக் கண்டால் மோதல்தான் நினைவுக்கு வரும். ஆகவே படம் தொடங்கும்போது உண்மை அளவில் அந்த மெல்லிய கோட்டை 3 செக்கன் காட்டுங்கள். பிறகு அதே கோடு மேல்நோக்கி இழுபட்டு மலையாகட்டும். ஓரத்தில் "உயரம் 20 மடங்கு" என்று கடைசி வரை எழுத்து இருக்கட்டும். குறுக்குவெட்டை மனதால் வரைய வேண்டாம். கூகுள் ஏர்த் புரோவில் கரையில் இருந்து கரைக்கு ஒரு பாதை போட்டு, அதன் மேல் வலது கிளிக் செய்து உயர வரைபடத்தைக் காட்டச் சொன்னால் அப்படியே வரும். அதைப் பிரதி எடுங்கள்.

அடுத்தது, முகிலைக் கதாநாயகன் ஆக்காதீர்கள். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு பெட்டியாக வரையுங்கள். அந்தப் பெட்டிதான் படம் முழுக்கப் பயணம் போகவேண்டும். பெட்டிக்குள் நீராவிப் புள்ளிகள், ஒரு புள்ளி ஒரு கிராம். பக்கத்தில் ஒரு வெப்பமானி. அதோடு ஒரு நிரல் (நிமிர்ந்த பட்டை): அந்த வெப்பநிலையில் காற்று நிரம்புவதற்கு எத்தனை கிராம் நீராவி வேண்டும் என்பது நிரலின் உயரம், இப்போது இருப்பது எத்தனை என்பது நிறம் தீட்டிய பகுதி.

கணக்கு இது. கரையில் 28 பாகை, நீராவி 19 கிராம், நிரம்ப 24 வேண்டும். மேலேறும்போது கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை வீதம் குளிரும். 500 மீற்றரில் 23 பாகை. அங்கே நிரம்ப வேண்டியதும் 19, இருப்பதும் 19. முகிலின் அடி அங்கே தொடங்கும். அதற்கு மேல் நீராவி ஒடுங்கும்போது வெப்பத்தை வெளிவிடுவதால் குளிர்வது மெதுவாகும், நம் பக்கத்துச் சூடான ஈரக்காற்றில் கிலோமீற்றருக்கு 4 பாகை அளவு. பல நூல்களில் 6 என்று இருக்கும். அது குளிர்நாட்டுக் காற்றுக்குப் பொருந்தும், இங்கே போட்டால் முகட்டை அளவுக்கு மீறிக் குளிராக்கிவிடும். 2000 மீற்றரில் 17 பாகை. அங்கே நிரம்ப 15 போதும், ஆகவே 4 புள்ளிகள் துளியாகி விழும். (சரியாகக் கணக்கிட்டால் மூன்றரை. புள்ளியைப் பாதியாக வெட்ட முடியாதே.) விழுந்த நீர் போக மீதிக் காற்று பதுளைக்கு, 680 மீற்றருக்கு இறங்குகிறது. ஒடுங்குவது நின்றுவிட்டது, ஆகவே மறுபடி கிலோமீற்றருக்கு 10 பாகை, இம்முறை சூடேற்றம். 17 உடன் 13 கூட்டினால் 30.

இப்போது நிரலைப் பாருங்கள். பதுளையில் நீராவி 15, நிரம்ப வேண்டியதோ 29. கரையில் இருந்து வந்த 19 கிராமில் 4 தான் போயிருக்கிறது. "காற்று எல்லா ஈரத்தையும் ஹட்டனில் கொட்டிவிட்டது" என்பது உண்மையில்லை. ஐந்தில் ஒரு பங்குதான் கொட்டியது. பதுளைக் காற்று காய்ந்திருப்பதற்குப் பெரிய காரணம் அது இறங்கிச் சூடானது. நிரலின் உச்சி 15 இல் இருந்து 29 க்கு எழும்புவதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டால் மறுபக்கம் ஏன் வறண்டது என்பதற்கு வேறு வார்த்தை தேவையில்லை. அந்த நிரல்தான் இந்தப் படத்தின் உயிர். மலை, மழை எல்லாம் அதற்குப் பின்னணி.

பெட்டி விரிவதைக் காட்டும்போது ஒரு சிக்கல் வரும். 2000 மீற்றரில் அமுக்கம் 800 ஹெக்டோபஸ்கால் அளவு, கனவளவு கூடுவது 22 சதவீதம். பந்தாக வரைந்தால் விட்டம் 7 சதவீதம்தான் கூடும், பின் வாங்கில் இருந்து ஒருவருக்கும் தெரியாது. பலூன் போல இரு மடங்காக ஊதிக் காட்டினால் பொய். ஆகவே பந்து வேண்டாம். உயரம் மாறாமல் அகலம் மட்டும் கூடும் பெட்டியாக வையுங்கள், 22 சதவீதமும் அப்படியே தெரியும். பழைய அகலத்தைப் புள்ளிக்கோடாக உள்ளே விடுங்கள்.

பதில் 2: நானுஓயா_கரும்பலகை

மேலே உள்ளது அருமை. ஆனா ஒன்று கேட்கிறேன்: இதுல எவ்வளவு தூரம் உண்மையா அசையணும்?

படம் அசைஞ்சா விளக்கம் கூடும்னு நாம நம்புறோம். ஆராய்ச்சி அப்படிச் சொல்லல. உளவியலாளர் பார்பரா ட்வெர்ஸ்கியும் கூட இருந்தவங்களும் 2002 இல் அசையும் படங்கள் பற்றின பல ஆய்வுகளை ஒன்றாப் பார்த்தாங்க. அசையும் படம் வென்றதாச் சொன்ன இடங்கள்ல, பல நேரம் அதுக்குள்ள நிலைப்படத்துல இல்லாத கூடுதல் தகவல் இருந்ததுதான் காரணம். அசைவு ரெண்டு நிபந்தனைக்கு உட்படணும்னு அவங்க சொன்னாங்க: படத்தின் அமைப்பு கருத்தின் அமைப்போட ஒத்துப்போகணும், பார்க்கிறவர் அதைச் சரியாப் பிடிக்கிற அளவுக்கு மெதுவாவும் தெளிவாவும் இருக்கணும். 2005 இல் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் குழுவினர் மின்னல், கடல் அலை, வாகன பிரேக், கழிப்பறைத் தொட்டி ஆகிய நாலையும் எடுத்து, காகிதத்துல அச்சடிச்ச படத்தொடரையும் கணினி அசைபடத்தையும் ஒப்பிட்டாங்க. காகிதம் ஒரு இடத்துலயும் தோற்கல, சில சோதனைகள்ல முந்தினது. காரணம் லேசு. ஓடுற படத்துல பார்த்து முடிக்கிறதுக்குள்ள முந்தின நிலை மறைஞ்சுடுது. காகிதத்துல கண் முன்னுக்கும் பின்னுக்கும் போய் ஒப்பிடும், இடையில நடந்ததை மூளை தானே ஓட்டிப் பார்க்கும்.

அதனால என் ஆலோசனை: முதல்ல ஏ4 தாள்ல நாலு கட்டம் வரையுங்க. கரை, 500 மீற்றர், முகடு, பதுளை. மேல சொன்ன எண்கள் அதுல வரட்டும். நாலாவது கட்டத்துல பெட்டியும் வெறும் நிரலும் மட்டும், எண் வேண்டாம். அசைபடத்தை முகட்டுல நிறுத்திட்டு, "இனி இறங்கப் போகுது, வெப்பமானி என்ன காட்டும், நிரல் உயருமா குறையுமா, வரையுங்க"ன்னு சொல்லுங்க. எல்லாரும் பென்சிலைக் கீழ வச்ச பிறகு மீதியை ஓட்டுங்க. இந்த நிறுத்தத்தை வீடியோவுக்குள்ளேயே வச்சா இன்னும் நல்லம்: முகட்டுப் படம் 10 செக்கன் அசையாம நிற்கணும், ஒரு கேள்விக்குறி மட்டும்.

அடுத்தது வெட்ட வேண்டியவை. பின்னணி இசை வேண்டாம். கடல் அலை அசைய வேண்டாம், மரம் ஆட வேண்டாம், கொழுந்துக் கூடையோட பெண்கள் நடந்து போற காட்சி அழகுதான், ஆனா கண் அங்க போயிடும். ஒரே நேரத்துல ரெண்டு பொருள் அசையக்கூடாது. பெட்டி நகரும்போது நிரல் நிற்கணும், நிரல் மாறும்போது பெட்டி நிற்கணும். நிஜத்துல ரெண்டும் ஒன்றாத்தான் நடக்குது, உண்மைதான். முதல் ஓட்டத்துல பிரிச்சுக் காட்டுங்க, ரெண்டாவது ஓட்டத்துல நிறுத்தாம ஒன்றா ஓட்டுங்க. 20, 25 செக்கன் போதும்.

வாயால சொல்றதையே திரையில வசனமா எழுதாதீங்க. கண் வாசிக்கும், காது கேட்கும், படம் அனாதையா நிற்கும். திரையில பெயரும் எண்ணும் மட்டும், அதுவும் அந்தந்தப் பொருளின் பக்கத்துலயே. மூலையில நிறக்குறிப்புப் பெட்டி போட்டா பிள்ளைங்க அங்கயும் இங்கயும் ஓடியே களைச்சுப்போவாங்க. சிவப்பு, பச்சையை மட்டும் நம்பி எதையும் பிரிக்காதீங்க, நிறம் பிரிச்சறியாத பிள்ளை எந்த வகுப்பிலயும் இருக்கலாம், தாளும் கறுப்பு வெள்ளையிலதான் போட்டோகொப்பி ஆகும். நீராவி வெறும் வட்டம், துளி நிரப்பின வட்டம். போதும்.

பதில் 3: தலவாக்கலை_கட்அவுட்

பழைய லெப்டொப்போட மல்லுக்கட்ட வேண்டாம் டீச்சர். போனும் பிரிஸ்டல் போர்டும் இருந்தா இது ஒரு சனிக்கிழமை வேலை. பொருளைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் படம் படமா எடுத்து ஓட்டுறதுக்கு ஸ்டொப் மோஷன் ஸ்டூடியோன்னு ஒரு செயலி இருக்கு, இலவசப் பதிப்பே போதும்.

தளம் 64 சென்ரிமீற்றருக்கு 36 சென்ரிமீற்றர், திரையின் 16:9 விகிதம் அதுலயே வந்துடும். இடப்பக்கம் 50 சென்ரிமீற்றர் மலைக்கு, வலப்பக்கம் 14 நிரலுக்கும் வெப்பமானிக்கும். மலையைத் தனி போர்டுல வெட்டி ஒட்டுங்க. பெட்டியை ஒரே அட்டையில செய்யாதீங்க, உயரம் 50 மில்லிமீற்றர் மாறாம நாலு அளவுல வெட்டிக்கோங்க. காற்றுமானி சொன்ன கணக்கின்படி அகலம் கரையில 50, 500 மீற்றர்ல 52, முகட்டுல 61, பதுளையில 54.5 மில்லிமீற்றர். இடைப்பட்ட அளவுகள் வேணும்னா 55ம் 58ம் சேருங்க. நிரலுக்குக் கிராமுக்கு 8 மில்லிமீற்றர் கணக்கு வச்சா 29 கிராமுக்கு 232 மில்லிமீற்றர் வரும், தளத்துக்குள்ள அடங்கும். தளத்துல ஒரு நீண்ட கீறல் போட்டு நிரல் அட்டையைப் பின்னால இருந்து தள்ளினா உயரும் குறையும், ஒவ்வொரு முறையும் புதுசா வெட்டத் தேவையில்ல. புள்ளிகளுக்குத் துளைக்கருவியால வெட்டின வட்டங்கள். எல்லாத்தையும் ப்ளூ டக்கில் ஒட்டுங்க. கம் பூசினா நகர்த்த முடியாது.

செக்கனுக்கு 12 படம். பெட்டி 48 சென்ரிமீற்றரை 20 செக்கன்ல கடக்கணும்னா 240 படம், ஒரு படத்துக்கு 2 மில்லிமீற்றர். கையால மதிப்பிட்டா பெட்டி விக்கும். காற்றுப் பாதையில பென்சிலால 2 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி மெல்லிசா போட்டுக்கோங்க, பெட்டியே அதை மறைச்சுடும். புறப்படும்போதும் நிற்கும்போதும் 5, 6 படத்துக்கு அரை மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர்னு நகர்த்துங்க, இல்லாட்டி வெட்டி வெட்டி நிற்கும். நிறுத்தி வைக்கிற 10 செக்கனுக்கு 120 தடவை படம் எடுக்கணும்னு இல்ல, ஒரே படத்தைச் செயலிக்குள்ள பிரதி பண்ணிப் போடலாம்.

இனி கெட்டுப்போற இடங்கள். போனை நேர் மேலே இருந்து பார்க்கிற மாதிரி அசையாம கட்டணும். ரெண்டு கதிரைக்கு நடுவுல ஒரு பலகை, பலகையில துளை, அதுக்கு மேல போன். திரையைத் தொட்டுப் படம் எடுத்தா ஒவ்வொரு தொடலுக்கும் போன் ஒரு துளி நகரும். இயர்போன் வயர்ல இருக்கிற ஒலி பட்டனை அழுத்தி எடுங்க. குவியம், வெளிச்ச அளவு, வெண்சமநிலை மூன்றையும் பூட்டுங்க. பூட்டலைன்னா வெள்ளைப் பெட்டி நகர நகரப் படம் முழுக்க இருண்டு வெளிக்கும்.

ஜன்னல் வெளிச்சத்தை நம்பவே வேண்டாம். நம்ம ஊர்ல பத்து நிமிஷத்துல வெயில், அடுத்த பத்து நிமிஷத்துல மூட்டம். திரைச்சீலையை மூடிட்டு ரெண்டு எல்இடி பல்ப், இடமும் வலமும் 45 பாகைச் சாய்வுல. மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால மலிவு பல்ப் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் வச்சா துடிப்பு படத்துல ஏறாது, 1/60 அல்லது 1/125 இல் வச்சா ஒரு படம் வெளிச்சம், ஒரு படம் மங்கல்னு வரும். மூட்ட நாள்ல காகிதம் ஈரம் குடிச்சு ஓரம் சுருளும், சுருண்ட ஓரம் நிழல் போடும். மெல்லிய தாள் எதையும் பாவிக்காதீங்க, வெட்டின துண்டுகளை முதல் நாள் ராத்திரி கனமான புத்தகத்துக்குக் கீழ வைங்க, எடுக்கத் தொடங்கினா ஒரே இருப்புல முடிங்க. அடுத்த நாள் தொடர்ந்தா அந்த இடத்துல ஒரு குதிப்பு நிச்சயம்.

பசறை_புவியியல்

எல்லாருக்கும் நன்றி. நிரல் யோசனை எனக்குத் தோணவே இல்ல. ரெண்டு சந்தேகம். பவர்பொயின்ட்ல செய்ய வழி இருக்கா? வருஷா வருஷம் எண்ணை மாத்தி எடுக்கலாம்னு பார்க்கிறேன். அடுத்தது, வீடியோ எடிட்டர்ல தமிழ் போட்டா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு உடையுது. இதுக்கு என்ன செய்யலாம்?

பதில் 4: வெலிமடை_எழுத்துரு

பவர்பொயின்ட்ல தாராளமா செய்யலாம் மிஸ். 2019 பதிப்போ 365 ஓ இருந்தா மோர்ஃப்னு ஒரு ஸ்லைட் மாற்றம் இருக்கு. முதல் ஸ்லைட்ல பெட்டியைக் கரையில வைங்க. ஸ்லைட்டை டூப்ளிகேட் பண்ணி, அதுல பெட்டியை 500 மீற்றருக்கு நகர்த்தி அகலத்தையும் நிரலையும் மாத்துங்க. ரெண்டாவது ஸ்லைட்டுக்கு மோர்ஃப் போட்டா இடைப்பட்ட அசைவை அதுவே செய்யும். ஒரே மாதிரி 19 வட்டம் இருக்கிறதால எந்த வட்டம் எங்க போகணும்னு அதுக்குக் குழம்பும், புள்ளிகள் குறுக்கும் நெடுக்கும் பறக்கும். செலக்ஷன் பேனைத் திறந்து ஒவ்வொரு வட்டத்துக்கும் பெயர் வைங்க, பெயருக்கு முன்னால ரெண்டு ஆச்சரியக்குறி: !!நீர்1, !!நீர்2 இப்படி. ரெண்டு ஸ்லைட்லயும் அதே பெயர் இருந்தா அதே வட்டத்தைத்தான் நகர்த்தும். இந்தப் பெயர் வேலையைப் பிரதி எடுக்கிறதுக்கு முன்னாலேயே முடிச்சுடுங்க, பிறகு செய்யப் போனா ஒவ்வொரு ஸ்லைட்டிலயும் 19 தடவை.

பெட்டி முகட்டைத் தாண்டும்போது மலைக்குள்ள புகுந்து போனா பயப்பட வேண்டாம். மோர்ஃப் நேர்கோட்டுலதான் நகர்த்தும். ஏற்றத்துல ரெண்டு, இறக்கத்துல ரெண்டுன்னு இடை ஸ்லைட் சேர்த்தா பாதை மலையைத் தொட்டு வளையும். பழைய பதிப்புன்னா மோர்ஃப் இல்ல, மோஷன் பாத்ல வளைகோடு கீறி ஓட்டலாம், அகலத்துக்குத் தனியா குரோ அன்ட் ஷ்ரிங்க் போடணும், அதுல அகலத்தை மட்டும் மாத்துறதுக்கு ஹொரிசொன்டல்னு தெரிவு இருக்கு. முடிச்சதும் எக்ஸ்போர்ட்ல போய் வீடியோவா சேமிங்க.

எழுத்து உடையுறதுக்கு வருவோம். தமிழ்ல "கொ" ஒரு எழுத்து, ஆனா திரையில மூன்று துண்டு சேர்ந்துதான் அது உருவாகுது. அந்தத் துண்டுகளை ஒழுங்குபடுத்துற வேலையைப் பல வீடியோ எடிட்டர்கள் செய்றதில்ல. எடிட்டரோட சண்டை பிடிக்காதீங்க, எழுத்தை எடிட்டருக்குள்ளேயே தட்டாதீங்க. இங்க்ஸ்கேப்ங்கிற வரைதல் மென்பொருள்லயோ பவர்பொயின்ட்லயோ பெயரைத் தட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமா சேமிச்சு, படமாவே உள்ள போடுங்க. அப்ப உடையுறதுக்கு அதுல எழுத்தே இல்ல. இங்க்ஸ்கேப்ல எழுத்தைப் பாதையா மாத்திட்டா வேற கணினியில எழுத்துரு இல்லாட்டியும் சிக்கல் வராது.

சரியாக் காட்டுற எடிட்டர்லயும் எழுத்து ஒவ்வொன்றா விழுற எஃபெக்ட் போடாதீங்க. அது எழுத்தை எண்ணாம துண்டை எண்ணும், கொம்பு முதல்ல வந்து நிற்கும், ககரம் பிறகு வரும். கோட் எழுதி அசைபடம் செய்ற மேனிம்ல செய்றவங்களுக்கும் இதே கதை: டெக்ஸ் வகுப்பை விட்டுட்டு டெக்ஸ்ட் வகுப்பைப் பாவிச்சா தமிழ் சரியா வரும், ஆனா மூன்றாவது எழுத்துக்கு மட்டும் நிறம்னு எண் கொடுத்தா நிறம் வேற துண்டுல விழும். சொல்லைத் தனித்தனிப் பொருளா வச்சு முழுச் சொல்லுக்கும் நிறம் கொடுக்கணும். நாலு ஜிபி லெப்டொப்ல மேனிம் ஓடும், மெதுவா.

இன்னொன்று. பழைய வினாத்தாள்ல இருந்து சொற்களை வெட்டி ஒட்டினா அது பாமினிங்கிற பழைய எழுத்துருவுல தட்டினதா இருக்கும். பாமினி இல்லாத கணினியில ஆங்கில எழுத்துக் குவியலா தெரியும். யுனிகோட்டுக்கு மாத்திட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா எழுத்துருவுல போடுங்க. வகுப்பின் கடைசி வாங்குக்குத் தெரியணும்னா எழுத்தளவு 28 புள்ளிக்குக் கீழ போகாதீங்க. நம்ம சொற்கள் நீளம், "நிரம்பல் எல்லை"ன்னு போட்டாலே நிரலை விட அகலமாயிடும், இரண்டு வரியா மடிங்க.

பதில் 5: அப்புத்தளை_காற்றுமானி

எண்ணை மாற்றி எடுக்கப் போவதாகச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. மேலே உள்ளது ஒடுங்கிய நீர் முழுவதும் மழையாக விழுந்துவிடும், வெளிக்காற்று ஒன்றும் கலக்காது என்று வைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் கொஞ்சம் துளி முகட்டைத் தாண்டிப் போய் இறங்கும்போது மறுபடி ஆவியாகும், சுற்றியுள்ள காற்றும் கலக்கும். சில நாட்களில் கீழ்க்காற்று மலையைத் தாண்டாமல் தேங்க, மேல்க்காற்று மட்டும் ஊவாப் பக்கம் இறங்கும். ஆகவே 30 என்பதை "பதுளையின் வெப்பநிலை" என்று எழுதாமல் "இந்தக் கணக்கில் வரும் வெப்பநிலை" என்று எழுதுங்கள். வெயிலில் போன் காட்டும் எண்ணோடு பிள்ளைகள் ஒப்பிட்டு, பொய் என்று சொல்லிவிடுவார்கள்.

முகில் எங்கே வரையலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். 500 மீற்றருக்குக் கீழே ஒரு துளிகூட வேண்டாம், கடலுக்கு மேல் முகிலே வேண்டாம். உண்மையில் கடலுக்கு மேலும் முகில் இருக்கும், ஆனால் இந்தப் படத்தில் அதைப் போட்டால் பழைய மோதல் கதை திரும்பி வந்துவிடும். பெட்டி 500 மீற்றரைத் தாண்டியதும் அதற்குள்ளேயே வெள்ளை தோன்றட்டும், பெட்டி போகப் போக வெள்ளை பின்னால் மலைச்சரிவில் தங்கட்டும். முகில் வந்து சேர்வதில்லை, அந்த இடத்தில் உண்டாகிறது என்பது அப்போது விளங்கும். முகட்டைத் தாண்டியதும் வெள்ளை கரைய வேண்டும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேற்கே மூட்டம் முகட்டில் தேங்கி நிற்க ஊவாப் பக்கம் வானம் வெளித்திருப்பதை ஹப்புத்தளையில் நின்று பார்க்கலாம். அப்படி ஒரு புகைப்படம் கிடைத்தால் அசைபடத்தின் அதே கோணத்தில் வெட்டிப் பக்கத்தில் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டதா என்று பார்க்க அதே படத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். வடகீழ்ப் பருவக்காற்றைக் கொடுங்கள். டிசெம்பரில் இருந்து காற்று கிழக்கே இருந்து வரும், ஊவாப் பக்கம் மழை, ஜனவரி முதல் மார்ச் வரை மலைக்கு மேற்கே திம்புள்ளைப் பக்கம் காய்ந்து அங்கே தேயிலைக்கு வாசனைக் காலம். மலையின் வெற்றுக் குறுக்குவெட்டைத் தாளில் கொடுத்து நாலு கட்டத்தையும் அவர்களே நிரப்பட்டும். வீடியோவைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் திருப்பிக் காட்டிவிட வேண்டாம், மலை இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. பிள்ளை பெட்டியைக் கிழக்குக் கரையில் தொடங்கி, முகில் அடியை 500 மீற்றரில் வைத்து, தலவாக்கலைப் பக்கம் இறங்கும்போது நிரலின் உச்சியை உயர்த்தினால் விளங்கிவிட்டது. மலையின் கிழக்குச் சுவரில் முகிலை ஒட்டி வைத்தால் இன்னும் இல்லை.

பதில் 6: தலவாக்கலை_கட்அவுட்

குரலைப் பற்றி ஒருத்தரும் சொல்லலையே. படத்தை எடுத்துட்டு அதுக்குப் பேசாதீங்க, முதல்ல பேசிப் பதிவு பண்ணிட்டு அந்த நீளத்துக்குப் படத்தை எடுங்க. நிமிஷத்துக்கு 90, 100 சொல் போதும், அதுக்கு மேல போனா பிள்ளைங்க நிரலைப் பார்க்க நேரமே இருக்காது. தகரக் கூரைக்குக் கீழ மழை நேரத்துல பதிய முடியாது. அலுமாரியைத் திறந்து தொங்குற உடுப்புகளுக்குள்ள போனை வச்சுப் பேசினா எதிரொலி வராது. "இப்போது நிரலைப் பாருங்கள்"னு சொல்லி முடிச்ச பிறகு நிரல் அசையக்கூடாது, "நிரல்" என்ற சொல் வரும்போதே அசையத் தொடங்கணும். ஒரு செக்கன் பிந்தினாலும் கண் பெட்டியிலயே நின்றுடும்.

அனுப்புறதுக்கு 720 பி போதும். தட்டையான நிறங்கள், அசைவு குறைவு, அதனால செக்கனுக்கு 500 கிலோபிட் வச்சாலும் தெளிவா இருக்கும், 3 நிமிஷத்துக்கு 11 எம்பி அளவு வரும். வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா அது இன்னொரு தடவை நசுக்கி எண்களை மங்கலாக்கும். கோப்பா, டொகியுமென்ட்னு தெரிவு செஞ்சு அனுப்புங்க. டேட்டா இல்லாத பிள்ளைங்களுக்கு நாலு கட்டத் தாளே போதும், ஏ4 இல் ஒரு பக்கத்துக்கு ரெண்டு பிரதி அடிச்சு நடுவுல வெட்டுங்க. ஆனா அந்த அளவுல புள்ளி சின்னதாப் போகும், அச்சடிக்க முன்னால வட்டங்களைக் கொஞ்சம் பெருசாக்கிடுங்க, இல்லாட்டி போட்டோகொப்பியில வெறும் வட்டமும் நிரப்பின வட்டமும் ஒன்றாத் தெரியும்.